விற்ற உறக்கமும் விரும்பிய விழிப்பும்

மலையிலே ஓடுவது என்றொரு விளையாட்டு இக்காலத்தில் உலகெங்கும் பரவியிருக்கிறது. தார்ச் சாலையை விட்டுக் காட்டுப் பாதையில் இறங்கி, ஆற்றைக் கடந்து, முகடேறி, மறுபுறம் இறங்கி, 50, 100, 160 கிலோமீட்டர் என்று நீளும் தொலைவைக் குறித்த நேரத்திற்குள் முடிப்பதே அவ்விளையாட்டு. ஓட்டம் என்று பெயரிருப்பினும், மேட்டில் நடையும், சமவெளியில் ஓட்டமும், சேற்றில் தவழ்தலுமாகவே அது நிகழ்கிறது. பகலோடு முடியாமல் இரவையும் அது விழுங்குமாதலின், முடிக்க விரும்புவோர் உறக்கத்தைத் துறந்தாக வேண்டும். நம் மக்களிலும் ஆணும் பெண்ணுமாக இளைஞர் பலர் இதில் இறங்கியிருக்கின்றனர். நாமும் ஒருமுறை இறங்கினோம். ஒருவர் மலையில் ஓடிய கதையால் ஊருக்கு யாது பயன் என்று சிலர் வினவக்கூடும். உறக்கத்தைத் துறப்பது என்பது தோட்டத் தமிழருக்குப் புதிய செய்தியன்று. மூன்று தலைமுறையாக அவர்கள் அறிந்த செய்தி. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தோம்.

இவ்விளையாட்டின் வரலாற்றை முதலிற் சிறிது கூறுவோம். ஐரோப்பாவில், ஆல்ப்ஸ் மலைத் தொடரில், மோன் பிளாங் என்னும் பனிமுகட்டைச் சுற்றி, பிரான்சு, இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வழியே செல்லும் ஓட்டம் 2003ஆம் ஆண்டில் தொடங்கியது. அதன் தொலைவு இன்று ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழியிலுள்ள ஏற்றங்களையெல்லாம் கூட்டினால் ஏறத்தாழ 10,000 மீட்டர் உயரமாகும். கெடு 46 மணி 30 நிமிடம். பெரும்பாலோர் இரண்டு இரவுகளைக் கண்விழித்தே கழிக்கின்றனர். முதலாண்டில் எழுநூறு பேர்வரை புறப்பட்டு, 67 பேரே முடித்தனர். முதல்வராக வந்தவர் நேபாளத்தைச் சேர்ந்த டாவா செர்ப்பா என்பவர். பிறர் சிகரம் ஏறிப் புகழடைவதற்குத் தலைமுறை தலைமுறையாகச் சுமை தூக்கிய இனத்தில் வந்த ஒருவர், சுமையை இறக்கி வைத்துத் தமக்காக ஓடியபொழுது முதல்வரானார். சுமை தூக்கிய இனத்தில் நாமும் ஒருவராதலின், இச்செய்தி நம் நெஞ்சில் தங்கிவிட்டது.

"இவையெல்லாம் வெள்ளையர் விளையாட்டு, நமக்கு ஒவ்வா" என்பார் இன்னும் உளர். அவர்கள் நினைவில் வைக்க வேண்டிய பெயர்கள் மூன்று. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எவரெஸ்டு சிகரத்தில் முதன்முதலாக நின்ற மலேசியர் இருவர்: மகேந்திரன், மோகனதாஸ். இருவரும் நம்மவர். அடுத்த ஆண்டு, 1998இல், கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் விளையாட்டுகளில் 50 கிலோமீட்டர் நடைப்பந்தயத்தை 4 மணி 10 நிமிடத்தில் முடித்துத் தங்கப் பதக்கம் பெற்றவர் கோவிந்தசாமி சரவணன். நெடுந்தொலைவு என்பது நம் கால்களுக்கு அயலானதன்று. தைப்பூசத்து இரவில் கோலாலம்பூரிலிருந்து வெள்ளி இரதத்தின் பின் நடந்துபோய்ப் பத்துமலையின் 272 படிகளை ஏறும் கூட்டத்தைக் கண்டவர் இதனை மறுக்கமாட்டார்.

நாம் பிறந்து வளர்ந்தது புக்கிட் ரோத்தானுக்கும், இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியுள்ள பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடைப்பட்ட தோட்டங்களுள் ஒன்றில். கோலசிலாங்கூர் வட்டாரம் தட்டையான நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை, அதற்கப்பால் வயல், அதற்கப்பால் சதுப்பும் கடலும். இந்நாட்டில் செம்பனையை வாணிகப் பயிராக முதன்முதல் 1917ஆம் ஆண்டில் நட்டது இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்திலேதான். ஹென்றி போகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் நட்டார். மேடு என்று சொல்லத்தக்கது, பழைய கோட்டையும் கலங்கரை விளக்கமும் நிற்கும் புக்கிட் மெலாவத்தி என்னும் சிறு குன்று ஒன்றே. மலையோட்டத்திற்குப் பழக வேண்டியவர் அக்குன்றையே நாளுக்குப் பலமுறை ஏறியிறங்க வேண்டும். அங்குள்ள குரங்குகளுக்கு நாம் நாள்தோறும் ஒரு வேடிக்கையாக இருந்தோம்.

ஆயினும் நம் ஊருக்கு மலையோடு ஓர் உறவுண்டு. நம் ஊர்வழியே கடலில் கலக்கும் சிலாங்கூர் ஆறு, பிரேசர் மலைச் சாரலிலே பிறந்து, கோலகுபு பாருவைத் தொட்டு, ஏறத்தாழ 110 கிலோமீட்டர் ஓடி வருவது. கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மொய்க்கும் மரங்களின் வேரை நனைக்கும் நீர், முன்பு அம்மலைகளின் பாறையிடுக்கில் இருந்த நீரேயாகும். நாம் ஓடத் துணிந்த ஓட்டம் கோலகுபு பாருவில் தொடங்கி, அம்மலைகளில் ஏறி இறங்கி, அங்கேயே முடிவது. தொலைவு 100 கிலோமீட்டர், அஃதாவது 62 மைல். கெடு 30 மணி. ஆற்றின் கழிமுகத்தில் வாழ்பவன் அதன் பிறப்பிடத்தைக் காணச் செல்வதுபோல் நமக்குத் தோன்றியது.

பெயர் கொடுத்துப் பணமும் கட்டிய பின்னரே வீட்டில் சொன்னோம். நம் அன்னையார் முப்பதாண்டுகள் பால்மரம் வெட்டியவர். இப்போது எழுபதைக் கடந்தவர். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எவ்வளவு தூரம், எத்தனை மணி, சோறு யார் கொடுப்பார், இரவில் எங்கே படுப்பாய் என்று ஒவ்வொன்றாக வினவினார். படுப்பதில்லை என்றோம். எவ்வளவு பணம் கட்டினாய் என்றார். சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்து பிறகு கேட்டார்: "ஏனப்பா, நான் தூக்கத்தை விற்று உன்னைப் படிக்க வைத்தேன். நீ காசு கொடுத்துத் தூக்கத்தைத் தொலைக்கப் போகிறாயா?"

இவ்வினாவுக்கு அன்று நம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை அவ்வினாவுக்கு விடை தேடும் முயற்சியே.

தூக்கத்தை விற்றேன் என்று அன்னையார் கூறியது அணியன்று, கணக்கு. பால்மரத்தின் பட்டைக்குள் ஓடும் பால்நாளங்களில் அழுத்தம் விடியுமுன் மிகுந்திருக்கும். வெயில் ஏறி, இலைகள் நீரை ஆவியாக வெளியிடத் தொடங்கினால் அவ்வழுத்தம் குறைந்து பால் சுருங்கும். ஆகவே மரத்திற்கு ஏற்ற வேளை மனிதர் உறங்கும் வேளையாக அமைந்துவிட்டது. அதிகாலை 4 மணிக்கு எழுந்து, சோறு சமைத்து, பிள்ளைகளைப் போர்வையோடு தூக்கி ஆயாக் கொட்டகையில் விட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் புகவேண்டும். நம் அன்னையாருக்கு நாளொன்றுக்கு நானூறு மரம். வெட்டி முடித்து, பால் வடியும் வரை காத்திருந்து, மங்குமங்காக வாளியில் ஊற்றி, காண்டாக் கம்பில் தூக்கி வந்து ஸ்டோரில் கொட்டி நிறுத்துப் பெயர் பதிந்த பின்னரே அவர் வேலை முடியும். அதன்பின் வீட்டு வேலை. இரவு படுக்கையில் அவர் விழும் நேரம் பதினொன்று. மீண்டும் நான்கு. ஐந்து மணி நேர உறக்கம் என்பது அவருக்கு வாய்த்த நல்ல நாளின் அளவு. முப்பதாண்டுகளில் அவர் இழந்த உறக்கத்தைக் கூட்டிப் பார்த்தால், எந்த ஓட்டக்காரரும் அவர் அருகில் வரமாட்டார். அதற்குப் பதக்கமில்லை, மழை பெய்தால் கூலியுமில்லை.

ஓட்டத்தன்று விடியற்காலை 3 மணிக்கு விழித்தோம். 6 மணிக்குப் புறப்பட்டோம். முதற் பத்து மணி நேரத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூங்கிற் புதர், பிரம்பு முள், முழங்கால் அளவு ஓடை, காலுறைக்குள் புகும் அட்டை. பிற்பகலில் வழக்கம்போல் மழை. வழியிலுள்ள சாவடிகளில் உப்பிட்ட உருளைக்கிழங்கும், கஞ்சியும், தர்ப்பூசணியும், சூடான தேநீரும் வைத்திருந்தனர். ஏற்றத்தினும் இறக்கமே தொடைகளை அழிக்கும் என்பதை அன்று உடலால் அறிந்தோம். இறங்கும்பொழுது தொடைத் தசை, நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்க நேர்கிறது. அதனால் அதன் இழைகள் நுண்ணிதாகக் கிழிகின்றன என்பர் உடல்நூலார்.

பாதை புக்கிட் கூத்து முகட்டைத் தொட்டது. கடல்மட்டத்திற்கு மேல் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில், வெள்ளைக்கார அதிகாரிகள் தாழ்நிலத்து வெப்பத்திற்குத் தப்பி இளைப்பாறுவதற்காக அங்கு மாளிகை கட்டினர். குளிருக்கு நெருப்பு மூட்ட அடுப்பும் அதற்கொரு புகைபோக்கியும் அமைத்தனர். மாளிகை உலகப் போரோடு அழிந்துபோயிற்று. செங்கற் புகைபோக்கி மட்டும் இன்றும் காட்டின் நடுவே நிற்கிறது. அதன் அடியில் அமர்ந்து காலணியிலிருந்த மண்ணைக் கொட்டினோம். மேலே இவர்கள் போர்வைக்குள் நன்கு உறங்கிய இரவுகளில், கீழே சமவெளியில் நம் பாட்டன்மார் பிரட்டுச் சங்குக்கு எழுந்து கொண்டிருந்தனர். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கூலி உயர்வோடு அவர்கள் வைத்த கோரிக்கைகளுள் ஒன்று, துரைமாரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒழியவேண்டும் என்பது. சாலையில் தன் விருப்பப்படி செல்லும் உரிமைக்கே அன்று போராட வேண்டியிருந்தது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகள் துரைமாரின் மலைமீது தம் விருப்பப்படி ஓடுகின்றனர். இதனைச் சிறு மாற்றம் என்று நாம் கருதவில்லை.

இருள் சூழ்ந்தபின் நெற்றி விளக்கை ஏற்றினோம். இரவு 10 மணிவரை தெம்பு இருந்தது. நள்ளிரவுக்குப் பின் பேச்சு நின்றது. விடியற்காலை 3 மணிக்கு 72ஆவது கிலோமீட்டரில் இருந்தோம். விழித்து 24 மணி நேரம் ஆகியிருந்தது. அவ்வேளையில் நம் விளக்கொளியில், பாதையின் இருபுறமும் மரங்கள் வரிசையாக நிற்பதைக் கண்டோம். ஒவ்வொரு மரத்திலும் மங்கு தொங்கிற்று. சற்றுத் தொலைவில் ஒரு மாது குனிந்து பட்டையைச் சீவிக்கொண்டிருந்தார். முதுகின் வளைவு நமக்குத் தெரிந்த வளைவு. கூப்பிட வாயெடுத்தோம். அருகே சென்றதும் அது வெண்பாசி படர்ந்த ஓர் அடிமரமாக நின்றது.

பேயென்றும் தெய்வக் காட்சியென்றும் இதற்குப் பெயர் சூட்டுவார் இருக்கலாம். இஃது உறக்கமின்மையின் வேலை. நெடுந்தொலைவு ஓடுவோர் பலருக்கு இரண்டாம் இரவில், சிலருக்கு முதலிரவின் கடைசியிலேயே, இத்தகைய போலித் தோற்றங்கள் தோன்றுகின்றன. கல் நாயாகத் தெரியும். புதர் வீடாகத் தெரியும். விடியலுக்குச் சற்று முன் உடலின் வெப்பம் நாளின் மிகத் தாழ்ந்த நிலைக்கு இறங்குகிறது. விழிப்பைக் காக்கும் உள்நாழிகையும் அப்போதே தளர்கிறது. 1997ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளரான டாசன், ரீட் என்னும் இருவர், உறக்கமின்மையையும் மதுவையும் ஒப்பிட்டு வெளியிட்ட முடிவு அறியத்தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், குருதியில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடையதைப்போல் தடுமாறுகின்றன; 24 மணி நேரமானால் ஏறத்தாழ 0.10 விழுக்காட்டுக்கு ஒப்பாகின்றன. ஒரு துளியும் குடியாதவர் குடித்தவராகிவிடுகிறார். இதனைப் படித்தபொழுது, இருட்டில் கூரிய கத்தியோடு நிரையில் நின்ற நம் தாய்மாரை எண்ணாதிருக்க இயலவில்லை.

நமக்குத் துணையாக வந்தவர், ரவாங்கில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்க்கும் இளைஞர். அவரும் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவரே. நாம் அடிமரத்தைப் பார்த்துக் கூப்பிட முயன்றதை அவர் கண்டுகொண்டார். "அண்ணே, உட்காருங்கள். பன்னிரண்டு நிமிடம் தூங்குங்கள். நான் எழுப்புகிறேன்" என்றார். கெடு போய்விடுமே என்றோம். அவர் சிரித்துக்கொண்டு, "இங்கே தூங்கினால் எவனும் சம்பளத்தைப் பிடிக்கமாட்டான், அண்ணே" என்றார்.

நாம் அப்பொழுது சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. முதுகுப்பையில் தலைவைத்து உறங்கிவிட்டோம். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவர் எழுப்பியபொழுது, மரங்கள் மரங்களாக இருந்தன. பத்து முதல் இருபது நிமிட உறக்கம் இத்துணைப் பயன் தரும் என்பதை நூல்களும் கூறுகின்றன. அதற்கு மேற்பட்டால் ஆழ்ந்த உறக்கத்தில் விழுந்து, எழும்பொழுது மயக்கம் மிகும். ஆனால் அவ்விளைஞர் சொன்ன சொல், உறக்கத்தினும் மிகுதியாக நம்மைத் தெளிவித்தது. உறங்கினால் கூலி போகாத இடம் என்று அவர் அம்மலையைக் கண்டார். வாரத்தில் ஆறிரவு கண்விழித்து ஊதியம் பெறும் அவருக்கு, தாம் விரும்பியபொழுது கண்மூடலாம் என்னும் இரவு அஃதொன்றே.

80ஆவது கிலோமீட்டர்ச் சாவடியில் அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. மருத்துவ உதவியாளர் தொட்டுப் பார்த்துவிட்டு, தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம் என்றார். இளைஞர் ஒரு நொடியும் தயங்கவில்லை. மார்பிலிருந்த எண் சீட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "திங்கள் இரவு வேலைக்கு இந்தக் கால் வேண்டும், அண்ணே. நீங்கள் போங்கள்" என்று கூறி, ஒரு கோப்பைத் தேநீருடன் நாற்காலியில் சாய்ந்தார். அவர் முகத்தில் வருத்தமிருந்தது, இழிவு இல்லை. அங்கிருந்தோர் கைதட்டினர். ஏனைய 20 கிலோமீட்டரையும் நாம் தனியே கடந்தோம். ஞாயிறு காலை 10 மணி 40 நிமிடத்திற்கு, புறப்பட்டு 28 மணி 40 நிமிடம் கழிந்த பின், திடலில் வந்து சேர்ந்தோம். கழுத்தில் ஒரு தகட்டை மாட்டினர். அதைத் தூக்கிப் பார்க்கவும் கை எழவில்லை.

வீட்டிற்கு வந்து பதினொரு மணி நேரம் உறங்கினோம். மறுநாள் அன்னையார் வெந்நீர் வைத்து, உப்புப் போட்டு, நம் காலை அதில் வைக்கச் சொன்னார். கொப்புளங்களைப் பார்த்தார். பிறகு, "நடுவிலே விட்டுவிடலாம் என்று நினைத்தாயா?" என்றார். நினைத்தோம் என்றோம். "விட்டிருந்தால் யாராவது கேட்பார்களா?" எவரும் கேட்கமாட்டார், கைதட்டி அனுப்புவார்கள் என்றோம். அந்த இளைஞரைப் பற்றியும் சொன்னோம். அவர் தண்ணீரில் கைவிட்டுச் சூடு பார்த்தபடியே, "அப்படியானால் அது விளையாட்டுத்தான். விளையாடு. நான் வெட்டியது விளையாட்டில்லை" என்றார்.

வினாவுக்கு விடையும் அவரே தந்துவிட்டார். உறக்கமின்மை தன்னளவில் தவமும் அன்று, வீரமும் அன்று. அதே மணிக்கணக்கு, அதே இருள், அதே நெற்றி விளக்கு, அதே கால்வலி. ஒன்றில் நிறுத்த உரிமையுண்டு, மற்றொன்றில் இல்லை. அவ்வுரிமை இருக்குமிடத்தில் துன்பம் விளையாட்டாகிறது; மனிதன் தன் உடலின் எல்லையைக் கண்டு மகிழ்கிறான். அஃது இல்லாதவிடத்தில் அதே துன்பம் கொடுமையாகிறது. அதன் கடைசி எல்லையையும் நம்மவர் கண்டிருக்கின்றனர். சப்பானியர் ஆட்சியில், 1943ஆம் ஆண்டில், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாமுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியுசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளும் இரயில் பாதைக்காக, காட்டிலும் மழையிலும் நெடுந்தொலைவு நடத்தப்பட்டு, வாந்திபேதிக்கும் பட்டினிக்கும் இரையாயினர். திரும்பாதவர் எத்தனையோ குடும்பங்களில் உளர். அவர்கள் கடந்ததும் மலைப்பாதைதான். அவர்கள் சகித்ததைக் காட்டி, "நம் இனம் எதையும் தாங்கும்" என்று பெருமை பேசுவது தகாது. தாங்கினார்கள், தாங்காமல் மடிந்தும் போனார்கள். தாங்க வைத்தது குற்றம்.

இதனை ஏன் வற்புறுத்துகிறோம் எனின், துன்பம் பொறுத்தலையே பெருங்குணமாகப் போற்றும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உறங்காமல் உழைக்கும் தாயைத் தெய்வம் என்று கூறிவிட்டு, அவர் உறங்க வழி செய்யாதிருக்கிறோம். அவ்வழக்கம் விளையாட்டிலும் புகுந்தால் உயிர்க்கேடாகும். 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலையோட்டத்தில், திடீரென வீசிய குளிர்க்காற்றாலும் ஆலங்கட்டி மழையாலும் 21 பேர் மாண்டனர். புறப்பட்டவர் 172 பேர். மலைக்கு நம் மனவுறுதி தெரியாது. நம் பெயரும் தெரியாது.

ஆகவே இதில் இறங்க விரும்பும் இளைஞர்களுக்கு நாம் அறிந்த சிலவற்றைக் கூறுகிறோம். ஓட்டத்திற்கு முந்தைய வாரத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் மிகுதியாக உறங்குங்கள். முன்கூட்டிச் சேர்த்த உறக்கம் விழித்திருக்கும் இரவில் கைகொடுக்கும். போலித் தோற்றம் கண்டால் உடனே அமர்ந்து, துணைவரைக் காவல் வைத்துச் சில நிமிடம் உறங்குங்கள். தனியே இரவுக் காட்டில் செல்லாதீர்கள். மழைச் சட்டையும் உலர்ந்த மேலாடையும் இன்றி மலையேறாதீர்கள். ஆற்று நீரை அப்படியே பருகாதீர்கள். எலியின் சிறுநீரால் பரவும் காய்ச்சல் இந்நாட்டு நீர்நிலைகளில் உண்டு. ஓடி முடித்தபின் நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பாதீர்கள்; மலையில் தப்பியவர் நெடுஞ்சாலையில் மடிவது பேதைமை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள். எண் சீட்டை மேசைமேல் வைத்த அவ்விளைஞர், பதக்கம் பெற்ற நம்மினும் தெளிந்தவர்.

ஓடாதவர்க்கும் ஒரு சொல் உண்டு. தோட்டங்கள் பல இன்று வீடமைப்பு நிலங்களாகிவிட்டன. பால்மரமும் பெரிதும் மறைந்தது. ஆயினும் விற்கப்படும் உறக்கம் மறையவில்லை. பட்டணத்துத் தொழிற்சாலைகளில், மருத்துவமனைகளில், காவற்கூண்டுகளில், லாரிகளில், கிடங்குகளில் நம்மவர் இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். கூலியைப் பற்றிப் பேசும் நம் சங்கங்கள் உறக்கத்தைப் பற்றியும் பேசவேண்டும். எத்தனை இரவுக்கு ஒரு ஓய்வு, ஒரு வேலைக்கும் மறு வேலைக்கும் இடையே எத்தனை மணி நேரம், இரவு வேலை முடித்தவர் வீடு திரும்ப வண்டியுண்டா என்பன சம்பளத்தைப் போலவே கேட்டுப் பெறவேண்டியவை. இவற்றைக் கேட்பவரைச் சோம்பேறி என்று ஏசும் நாவை முதலில் அடக்குவோம்.

தோழர்களே! மலை ஏறுங்கள். நம் முன்னோர் கண்ணால் மட்டும் கண்ட நீலமுகடுகளில் உங்கள் கால் படட்டும். இறங்கி வந்தபின், உங்கள் அண்டை வீட்டில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்குபவர் எவரேனும் உளரா என்று பாருங்கள். இருப்பின், கலியாண வீடாயினும் கோயில் விழாவாயினும், ஒலிபெருக்கியைச் சற்றுத் தணித்து வையுங்கள். 100 கிலோமீட்டர் ஓடுவதினும் அஃது எளிது. அவருக்கு அது பதக்கத்தினும் பெரிது.